நாலு நாடு, ஒரே சனம்: வாகி மக்களின் கதை

முதலில் ஒரு சின்ன கேள்வி. இந்தியாவோடு தரை எல்லை உள்ள நாடுகள் எத்தனை? பாகிஸ்தான், சீனா, நேபாளம், பூடான், வங்கதேசம், மியான்மர் என்று எண்ணி ஆறு என்று நிறுத்தினால் போட்டித் தேர்வில் ஒரு மார்க் போச்சு :-) ஏழாவதாக ஆப்கானிஸ்தானும் உண்டு. நம் உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி அந்த எல்லையின் நீளம் 106 கிலோமீட்டர். கில்கித்-பல்திஸ்தானை இந்தியா தன்னுடையது என்று சொல்வதால் வரும் கணக்கு இது. நிலமோ 1947-லிருந்து பாகிஸ்தான் கையில்தான் இருக்கிறது. ஆக, காகிதத்தில் நமக்குப் பக்கத்து வீடு. போய்ப் பார்க்க முடியாத பக்கத்து வீடு.

அந்த 106 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தேடப் போய்த்தான் வாகி மக்களிடம் வந்து சேர்ந்தேன். நான் படிப்பது பி.காம். வரலாறு எனக்குப் பாடம் கிடையாது. ஆனால் இந்த மக்களின் கதையில் வரி இருக்கிறது, பண்டமாற்று இருக்கிறது, கடன் இருக்கிறது, மானியம் இருக்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தை விட நன்றாகவே இருக்கிறது.

ஆப்கானிஸ்தான் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடகிழக்கு மூலையில் ஒரு விரலை நீட்டிச் சீனாவைத் தொடுகிற மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதுதான் வாகான் தாழ்வாரம். நீளம் சுமார் 350 கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் 65 கிலோமீட்டர், மிகக் குறுகலான இடத்தில் வெறும் 13. வடக்கே தஜிகிஸ்தான், தெற்கே பாகிஸ்தான், கிழக்குக் கோடியில் சீனா. சீனாவுக்குப் போகும் வாக்ஜிர் கணவாய் ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் கணவாயில் ஒரு வேடிக்கை உண்டு. ஆப்கான் பக்கம் நண்பகல் 12 மணி என்றால் ஓர் அடி தாண்டினால் சீனாவில் மாலை 3.30. உலகத்தில் வேறெந்தத் தரை எல்லையிலும் இவ்வளவு பெரிய நேர மாற்றம் இல்லை. பாகிஸ்தானிலும் தஜிகிஸ்தானிலும் அப்போது 12.30. வாகி மக்கள் இந்த நாலு நாட்டிலும் வாழ்கிறார்கள். ஒரே மொழி பேசும் சொந்தக்காரர்கள் ஒரே நொடியில் மூன்று விதமான மணி சொல்வார்கள்.

இவர்கள் தங்களை "ஹிக்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். (தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. தமிழ் எழுத்தில் சரியாக எழுத வராது.) "வாகி" என்பது மற்றவர்கள் வைத்த பெயர். மொழி, கிழக்கு ஈரானியக் கிளையைச் சேர்ந்தது. பாரசீகத்துக்குத் தூரத்து உறவுதானே தவிர பாரசீகம் கிடையாது. ஆனாலும் ஐந்துக்கு 'பான்ஸ்', பத்துக்கு 'தஸ்' என்று சொல்வதைக் கேட்டால் இந்தி தெரிந்தவர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அங்கே ஓடும் ஆற்றின் பெயரே பாஞ்ச். பஞ்ச பாண்டவர் என்கிறோமே, அதே ஐந்து. சமயத்தால் இவர்கள் இஸ்மாயிலி முஸ்லிம்கள். ஆகா கானை இமாமாக ஏற்றவர்கள். 11-ஆம் நூற்றாண்டில் நாசிர் குஸ்ரோ என்ற கவிஞர்-தத்துவவாதி பதக்ஷானில் ஒளிந்து வாழ்ந்தபோது அந்தப் பகுதியில் இந்தச் சமயம் பரவியது என்பது அவர்களுடைய மரபு.

இணையத்தில் வாகானைப் பற்றித் தேடினால் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே ரகம். "உலகம் மறந்த பள்ளத்தாக்கு", "காலம் உறைந்த இடம்", "வெளியுலகமே தெரியாத மக்கள்" என்று. அழகான புகைப்படம், சிவப்புத் துப்பட்டா போட்ட சிறுமி, பின்னால் பனிமலை. எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ஏனென்றால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினாலே இது பொய் என்று தெரிந்துவிடும். வாகான் ஒரு காலத்தில் நம்ம ஜி.எஸ்.டி. ரோடு மாதிரி!

கி.பி. 644 வாக்கில் நம் நாட்டில் பல ஆண்டுகள் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய யுவான் சுவாங் இந்த வழியாகத்தான் போனார். தஜிக் கரையில் விராங் என்ற ஊரில் இன்றும் படிப்படியாக அமைந்த ஒரு பழைய மேடை நிற்கிறது. புத்த ஸ்தூபியின் மிச்சம் என்கிறார்கள். 747-இல் தாங் வம்சத்துத் தளபதி காவ் சியென்ச்சி (பிறப்பால் கொரியர்) படையோடு வந்து, இன்றைய சர்ஹத் கிராமத்துக்கு அருகே திபெத்தியக் கோட்டையை உடைத்து, பனி மூடிய தர்கோத் கணவாயைத் தாண்டி கில்கித் பக்கம் இறங்கினார். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு, 1906-இல், அதே வழியில் வந்த ஆரல் ஸ்டைன் இவர் இவ்வளவு பேரை எப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார் என்று அசந்து போனார். 1270-களில் மார்கோ போலோ. பெரிய சுருள் கொம்புள்ள அந்த மலை ஆட்டுக்கு இன்றும் மார்கோ போலோ ஆடு என்றுதான் பெயர்.

இவர்களெல்லாம் பெயர் பதிந்த ஆட்கள். இவர்களுக்கு நடுவே பெயர் பதியாமல் போன வணிகர் கூட்டங்கள் எத்தனை! யார்க்கந்துக்கும் பதக்ஷானுக்கும் இடையே சரக்கு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது. வாகானுக்கு மீர் என்ற குட்டி அரசர் இருந்தார். அவருடைய ஊர்கள் ஆற்றின் இரு கரையிலும் இருந்தன. போகிற வருகிற சரக்குக்குச் சுங்கம், வணிகருக்கு வழித்துணை, குதிரைக்குத் தீவனம் என்று எல்லாமே வருமானம். விவசாயம் மட்டும் செய்து பிழைக்க முடியாத உயரத்தில் ஒரு சனம் எப்படி நூற்றாண்டுகளாக நிலைத்தது என்றால் பாதி பதில் இந்தப் பாதைதான் என்று நினைக்கிறேன்.

இனி கோடு போட்ட கதை.

19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யா மத்திய ஆசியாவை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு தெற்கே வந்தது. பிரிட்டன் இந்தியாவைப் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்து நடுங்கியது. 1873-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரான்வில், ரஷ்யத் தரப்பில் கோர்ச்சகோவ் இருவரும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஆப்கானிஸ்தானின் வடக்கு எல்லை ஆறுதான் என்று முடிவு. லண்டனிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் உட்கார்ந்து பார்த்தால் ஆறு நல்ல எல்லை. நீலக் கோடு ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிறது, பேனா மையும் மிச்சம். ஆனால் மலைநாட்டில் ஆறு என்பது ஊரின் ஓரம் கிடையாது, ஊரின் நடு. இந்தக் கரையில் வயல், அந்தக் கரையில் அத்தை வீடு.

1883-இல் காபூல் அமீர் அப்துர் ரஹ்மானின் படை வாகானுக்குள் வந்தது. கடைசி மீர் அலி மர்தான் ஷா தெற்கே சித்ரால் பக்கம் ஓடி, பிறகு இஷ்கோமான் பள்ளத்தாக்கில் குடியேறினார். கூடவே ஒரு கூட்டமும் கிளம்பியது. சிலர் இஷ்கோமானுக்கு, சிலர் மேல் ஹுன்சாவின் கோஜாலுக்கு, சிலர் சீனாவின் சரிகோல் பகுதிக்கு. அங்கெல்லாம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்த வாகிகளும் இருந்தார்கள். இன்று நாலு நாட்டில் இவர்கள் சிதறி இருப்பதற்கு மேய்ச்சல் தேடிய பழைய நகர்வு ஒரு பாதி என்றால் இந்த ஓட்டம் மறு பாதி.

1891 ஆகஸ்டில் வாகானின் கிழக்கே போசாய் கும்பஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் அதிகாரி யங்ஹஸ்பண்ட் கூடாரம் போட்டிருந்தார். ரஷ்யக் கர்னல் யோனோவ் வந்து, "இது ரஷ்ய மண், கிளம்புங்கள்" என்றார். சில நாட்களுக்கு முன்புதான் இருவரும் சேர்ந்து விருந்து சாப்பிட்டிருந்தார்களாம்! லண்டன் கொதித்தது. அந்த டிசம்பரிலேயே பிரிட்டிஷ் படை ஹுன்சாவுக்குள் புகுந்தது. 1893-இல் டூரண்ட் காபூல் போய் தெற்குக் கோட்டை முடிவு செய்தார். 1895-இல் பிரிட்டிஷ்-ரஷ்ய எல்லைக் கமிஷன் ஸோர்குல் ஏரியிலிருந்து சீன எல்லை வரை தூண்களை நட்டுக்கொண்டே போனது. ஒரே கோடையில் வேலை முடிந்தது. வடகரை ஊர்கள் ரஷ்யாவின் கீழிருந்த புகாரா அமீருக்கு, தென்கரை ஆப்கானிஸ்தானுக்கு.

எங்கள் பாடத்தில் பஃபர் ஸ்டாக் என்று ஒன்று வரும். இரண்டு ஆர்டருக்கு நடுவே அவசரத்துக்கு வைக்கும் சரக்கு. வாகானும் அப்படித்தான் உருவானது. இரண்டு பேரரசுகளின் எல்லை எங்கேயும் நேரடியாக உரசிவிடக் கூடாது என்பதற்காக நடுவில் செருகிய அட்டைத் துண்டு. இதில் உச்சம் என்னவென்றால், இதை வாங்கிக்கொள்ள அமீருக்கே விருப்பம் இல்லை. இவ்வளவு தூரத்துப் பனிக்காட்டைக் காவல் காக்க எனக்கென்ன தலையெழுத்து என்பதுதான் அவர் நிலை. 1893 ஒப்பந்தத்தோடு பிரிட்டிஷ் இந்தியா அவருக்குத் தந்த ஆண்டு மானியம் 12 லட்சம் ரூபாயிலிருந்து 18 லட்சமாக உயர்ந்தது. மொத்த எல்லைப் பேரத்துக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை என்றாலும், வாகானும் அந்தப் பொட்டலத்தில் இருந்தது. பணம் எங்கிருந்து வந்தது? இந்திய கஜானாவிலிருந்து. அதாவது தஞ்சாவூரில் வசூலான நிலவரியிலும் ஒரு சிட்டிகை அங்கே போயிருக்கும்.

வாகிகளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் வடகரையில் யம்க் என்ற ஊரில் முபாரக் வாகானி என்று ஒருவர் இருந்தார். 1843-லிருந்து 1903 வரை வாழ்ந்தவர். சூஃபிக் கவிஞர், இசைக்கருவி செய்பவர், வானியல் தெரிந்தவர். துளையிட்ட ஒரு கல்லை நட்டு அதன் வழியே சூரியன் எழும் இடத்தைப் பார்த்து வசந்தத்தின் முதல் நாளைக் கணித்தார். அந்தக் கல் இன்றும் இருக்கிறது, அவர் வீடு அருங்காட்சியகமாகி இருக்கிறது. அவருடைய ஐம்பத்திரண்டாவது வயதில் வாசலில் ஓடிய ஆறு இரண்டு தேசங்களின் எல்லையானது.

ஆனால் ஒன்று. கோடு போட்டவுடனே வாழ்க்கை அறுந்துவிடவில்லை. அடுத்த முப்பது வருடங்களுக்கு ஆற்றைக் கடந்து கல்யாணம் நடந்தது, ஆடு மேய்ந்தது. கதவு உண்மையில் சாத்தப்பட்டது 1930-களில், சோவியத் அரசு எல்லையை இறுக்கியபோது. 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் வந்ததும் கிழக்கு வாசலும் மூடியது. யார்க்கந்து வணிகம் செத்தது. பழைய நெடுஞ்சாலை முட்டுச்சந்து ஆனது. நஸீஃப் ஷஹ்ரானி என்ற மானுடவியலாளர் (அவரே பதக்ஷான்காரர்) 1970-களின் தொடக்கத்தில் அங்கே தங்கி ஆராய்ந்து, 1979-இல் வாகிகளையும் கிர்கிஸ்களையும் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே "அடைபட்ட எல்லைகள்" என்று வரும். தனிமை அங்கே இயற்கையாக முளைத்தது இல்லை, யாரோ செய்து வைத்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, அடைபட்ட பள்ளத்தாக்கில் எப்படிப் பிழைப்பது? இங்கேதான் என் பாடம் உயிர் பெறுகிறது.

வாகானின் மேற்கு முனை சுமார் 2,600 மீட்டர். கிழக்கே போகப் போக ஏறி, சர்ஹத் கிராமத்தில் 3,300 தாண்டும். கோதுமை ஓரளவுதான் ஏறும், பிறகு பார்லியும் பட்டாணியும். சர்ஹத்துக்கு மேலே விவசாயமே கிடையாது. அதற்கும் மேலே, 4,000 மீட்டருக்கு மேற்பட்ட பாமீர் புல்வெளியில் கிர்கிஸ் மக்கள் ஆடும் யாக்கும் வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். (நம் இலக்கியத்துக் கவரிமா இந்த யாக்தான் என்று சொல்வோர் உண்டு.) அவர்களிடம் இறைச்சி, நெய், கம்பளி எல்லாம் உண்டு, ஒரு மணி தானியம் கிடையாது. வாகிகளிடம் தானியம் உண்டு. தானியம் மேலே போகும், கால்நடை கீழே வரும். துணி, தேயிலை, செருப்பு, இப்போது செல்போன், சோலார் தகடு எல்லாவற்றையும் வாகி வியாபாரிகள் யாக் மேலும் குதிரை மேலும் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

விலை எதில்? ஆட்டில்! 2013-இல் வெளியான ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பாமீர் விலைப்பட்டியல் இப்படி இருந்தது: ஒரு செல்போன் ஒரு ஆடு, ஒரு யாக் பத்து ஆடு, ஒரு நல்ல குதிரை ஐம்பது ஆடு. டவரே இல்லாத ஊரில் செல்போன் எதற்கு என்று கேட்காதீர்கள். பாட்டுக் கேட்கவும் படம் எடுக்கவும். பணத்துக்கு மூன்று வேலை என்று முதல் வருடத்தில் மனப்பாடம் செய்தோமே, பரிமாற்றக் கருவி, மதிப்பின் அளவுகோல், மதிப்பின் சேமிப்பு. முதல் இரண்டையும் ஆடு நன்றாகவே செய்யும். மூன்றாவதில்தான் சிக்கல். கடுங்குளிர் வந்தால் சேமிப்பு மொத்தமும் ஒரே ராத்திரியில் செத்துப்போகும். அதே சமயம் நல்ல வருடத்தில் வட்டியைக் குட்டியாகப் போடும்.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கீழேயிருந்து வந்த வியாபாரிகள் கொண்டு வந்த சரக்கில் அபினும் ஒன்று. மருத்துவர் இல்லாத இடத்தில் இருமலுக்கும் வலிக்கும் அதுதான் மருந்தாக வந்தது, பிறகு போகவில்லை. கடனுக்குக் கொடுப்பார்கள், அடுத்த வருடம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆட்டை இழந்தவன் பிறகு நிலத்தை. ஒரே வழி, ஒரே சந்தை, விற்பவன் சொன்னதே விலை. எல்லை அடைபட்டதன் விலை இப்படியும் வசூலானது.

ஒரே சனத்தை நாலாகப் பிரித்து நாலு அரசாங்கத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது பரிசோதனை செய்ய நினைத்திருந்தால் இதைவிடக் கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

வடகரை சோவியத் ஆனது. 1925-இல் மலைப் பதக்ஷான் தன்னாட்சிப் பகுதி உருவானது. 1930-களில் ஓஷ் நகரிலிருந்து கோரோக் வரை பாமீர் நெடுஞ்சாலை. பள்ளிக்கூடம், மின்சாரம், மருத்துவமனை. எழுத்து முதலில் லத்தீன், பிறகு சிரிலிக். மாவும் எரிபொருளும் மாஸ்கோ தயவில் லாரியில் வந்தன. 1991-இல் லாரி நின்றது. அடுத்த ஆண்டே தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர், 1997 வரை. பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் உருளைக்கிழங்கு போட்டார்கள், விறகுக்குப் புதரைப் பிடுங்கினார்கள். 1993-லிருந்து ஆகா கான் அறக்கட்டளை கொண்டு வந்த மாவுதான் அந்தக் குளிர்காலங்களைக் கடத்தியது. 2022-இல் அதே பகுதியில் தஜிக் அரசு போராட்டங்களைக் கடுமையாக நசுக்கியது. இஸ்மாயிலி அமைப்புகளின் கையும் கட்டப்பட்டது.

தென்கரையில் சாலையும் இல்லை, மருத்துவரும் இல்லை. 2002-இல் நடந்த ஓர் ஆய்வில் பதக்ஷான் மாகாணத்தின் ராக் மாவட்டத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு சுமார் 6,500 தாய்மார்கள் இறந்தது தெரிய வந்தது. உலகில் எங்கும் பதிவான விகிதங்களில் அதுவே மிக அதிகம். ராக் வாகானில் இல்லை, அதே மாகாணத்தில் வேறொரு மூலை. ஆனால் வாகானின் நிலைமையையும் அதை வைத்து ஊகிக்கலாம். ஆற்றின் எதிர்க்கரையில் மின்விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டே இந்தக் கரையில் மூன்று தலைமுறை இருட்டில் சமைத்தது. சில இடங்களில் பாஞ்ச் கூப்பிட்டால் கேட்கிற அகலம்தான். ஆனால் கடந்தால் சுடுவார்கள்.

2000-களில் சில பாலங்கள் வந்தன. கோரோக் அருகே 2002-இல், இஷ்காஷிமில் 2006-இல். இஷ்காஷிமில் ஆற்று நடுத் திட்டில் சனிக்கிழமைச் சந்தை கூடியது. இரு கரைக்காரர்களும் விசா இல்லாமல் வந்து வாங்கி விற்றுவிட்டு அவரவர் கரைக்குத் திரும்பலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பலமுறை மூடினார்கள். 2020-இல் தொற்றுக்காகவும் மூடினார்கள். அந்தச் சந்தையில் வியாபாரத்தை விட விசாரிப்புதான் அதிகம் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 2021-இல் தாலிபான் வந்தபோது அதற்கு முன் எந்தப் போரிலும் பெரிதாகச் சண்டை பார்க்காத வாகானும் அவர்கள் கைக்குப் போனது. இப்போது சீன எல்லையை நோக்கி ஒரு மண்சாலை போட்டிருக்கிறார்கள். மூடிய நெடுஞ்சாலையை மறுபடி திறக்கும் ஆசை காபூலுக்கு. சீனா அவ்வளவு அவசரம் காட்டவில்லை.

பாகிஸ்தான் பக்கத்துக் கோஜால் வேறு கதை. ஹுன்சா மீருக்குத் தானியமும் நெய்யும் உடலுழைப்பும் வரியாகக் கொடுத்து வந்த இவர்களுக்கு அந்த மீராட்சி 1974-இல் முடிந்தது. காரகோரம் நெடுஞ்சாலை 1978-இல் தயாரானது. 1986-இல் குஞ்சராப் கணவாய் (4,693 மீட்டர்) வெளிநாட்டுப் பயணிகளுக்கும் திறந்தது. திடீரென்று வாசலில் சர்வதேசச் சாலை! கூடவே வேறொன்றும் வந்தது. 1975-இல் குஞ்சராப் தேசியப் பூங்கா. ஜார்ஜ் ஷாலர் என்ற புகழ்பெற்ற விலங்கியலாளர் மார்கோ போலோ ஆடுகளைக் காப்பாற்றச் சொன்ன யோசனை. நல்ல எண்ணம்தான். ஆனால் பூங்காவுக்குள் விழுந்தது வாகிகளின் மேய்ச்சல் நிலம். ஷிம்ஷால் கிராமத்தார் பூங்காக்காரர்களை உள்ளே விட மறுத்து, தங்கள் மலையைத் தாங்களே பார்த்துக்கொள்வோம் என்று ஓர் அறக்கட்டளையை அமைத்தார்கள். எனக்கு இதில் முழு அனுதாபமும் ஷிம்ஷால் பக்கம்தான்.

ஷிம்ஷாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே கோடைக்கால மேய்ச்சலுக்கு மந்தையை ஓட்டிக்கொண்டு போவது பெண்கள். நாள்கணக்கில் நடந்து பாமீர் புல்வெளிக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி, பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, குரூத் என்ற காய்ந்த தயிர்க்கட்டி செய்வார்கள். ஆண்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். குளிர்காலத்தில் முறை மாறும். யாக்குகளோடு மேலே தங்குவது ஆண்கள். நகரத்தில் கணக்கெழுதும் எவருக்கும் புரியும், இந்த வீட்டின் சொத்துப் பட்டியலில் பெரும்பகுதி அந்தப் பெண்கள் கையில் இருந்தது. அந்தப் புல்வெளியில், பிரிந்திருக்கும் அண்ணனையும் அம்மாவையும் நினைத்து அவர்கள் பாடும் பாட்டு வகைதான் புல்புலிக். புல்புல் என்ற பறவையின் பெயரில் வந்தது.

இந்த ஊருக்குச் சாலை கிடையாது. 1985-இல் ஆரம்பித்து, ஊர்மக்களும் கையோடு கை சேர்த்துப் பாறையை உடைத்து, 2003-இல்தான் ஜீப் உள்ளே வந்தது. பதினெட்டு வருடம்! அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் பாகிஸ்தானின் ஐந்து எட்டாயிரம் மீட்டர் சிகரங்களையும் ஏறிய முதல் பாகிஸ்தானியர் ரஜப் ஷா வந்தார். சமீனா பெய்கும் இதே ஊர். 2013 மே 19 அன்று எவரெஸ்ட் ஏறிய முதல் பாகிஸ்தானியப் பெண். அன்று அவரோடு உச்சியில் நின்றவர்கள் இந்திய இரட்டைச் சகோதரிகள் தாஷி, நுங்ஷி மாலிக். இரண்டு நாட்டுக் கொடியும் பக்கத்துப் பக்கத்தில். 2022-இல் சமீனா கே2-வும் ஏறினார். செய்தித்தாள்கள் "பாகிஸ்தான் பெண்" என்று எழுதின, சரிதான். வாகிப் பெண் என்று எழுதியவை குறைவு.

சாலை கொடுத்ததை மலை ஒரு நாள் பிடுங்கியது. 2010 ஜனவரி 4 அன்று அத்தாபாதில் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து 20 பேர் இறந்தார்கள். ஹுன்சா ஆறு அடைபட்டு ஏரியாகி, குல்மித், ஷிஷ்கத் ஊர்களின் வயலும் வீடும் மெல்ல மெல்ல மூழ்கின. நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டருக்கு மேல் நீருக்கடியில். 2015-இல் சுரங்கப்பாதை திறக்கும் வரை கோஜாலுக்குப் போகும் எல்லாமே, லாரி உட்பட, மரப்படகில் போயின. இன்று அந்த ஏரியின் நீல நிறத்தைப் பார்த்துச் சுற்றுலாக்காரர்கள் படகு சவாரி போகிறார்கள். அடியில் வீடு இருக்கிறவர்கள் கரையில் டீக்கடை வைத்திருக்கிறார்கள்.

சீனப் பக்கம் இவர்கள் தாஷ்குர்கான் மாவட்டத்தில் இருக்கிறார்கள். 1954-இல் அமைந்த தஜிக் தன்னாட்சி மாவட்டம் அது. சீன அரசின் பட்டியலில் வாகிக்குத் தனிக் கட்டம் இல்லை. சரிகோலி பேசுபவர்களோடு சேர்த்து "தஜிக்" என்று எழுதிவிட்டார்கள். தஜிக் மொழி பேசாத தஜிக்குகள்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தஜிகிஸ்தான் வாகி படிப்பது சிரிலிக் எழுத்து. ஆப்கான் வாகி படிப்பது தாரி. பாகிஸ்தான் வாகி படிப்பது உருதுவும் ஆங்கிலமும். சீன வாகி படிப்பது சீனம். நாலு பேரும் சந்தித்தால் விடிய விடியப் பேசலாம். ஒருவருக்கொருவர் ஒரு கடிதம் எழுத முடியாது. பையில் இருக்கும் பணமும் நாலு விதம், சோமோனி, ஆப்கானி, ரூபாய், யுவான். யுனெஸ்கோ இந்த மொழியை அழியும் அபாயத்தில் உள்ளவற்றில் வைத்திருக்கிறது. வீட்டில் பேசினாலும் பள்ளியில் எழுதாத மொழி. கராச்சிக்கும் துஷன்பேக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் குழந்தைகளுக்கு அது பாட்டியின் மொழி.

கில்கித் வானொலி வாகியில் நிகழ்ச்சி ஒலிபரப்பத் தொடங்கியபோது அலைவரிசைக்குப் பாஸ்போர்ட் கேட்பார் யாரும் இல்லை, மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. இப்போது அந்த வேலையைச் செல்போன் செய்கிறது. இளைஞர்கள் நாலு எழுத்தையும் விட்டுவிட்டு, நாம் "eppadi irukke" பாணியில் தங்கிலீஷ் அடிக்கிறோமே அதுபோல, லத்தீன் எழுத்தில் வாகியைத் தட்டி அனுப்புகிறார்கள். எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. குல்மித்தில் 2016-இல் புல்புலிக் பெயரிலேயே ஓர் இசைப்பள்ளி தொடங்கினார்கள். மேய்ச்சலுக்கு இப்போது அதிகம் பேர் போவதில்லை என்பதால் பாட்டை வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள், பெண்களோடு பையன்களும். தேடினால் அந்தப் பாட்டுகள் இணையத்தில் கிடைக்கும். அர்த்தம் புரியாவிட்டாலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.